சாட்சிக்கு ஓர் ஈரல்பாசி

மலையின் மேற்குச் சரிவில், சோலைக்காட்டுக்குள், பெயரில்லாத ஓடை ஒன்று. அதன் கரையில் இருந்த பாறைக்கு முன்னால் துரைசிங்கம் மண்டியிட்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அறுபத்தோரு வயதில் பாசிகளைப் பற்றி ஆராய வந்திருந்தார். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியை எஸ்தர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

“மேடம், கெடச்சிருச்சு.”

எஸ்தர் லென்ஸை வாங்கிக் குனிந்தார். பாறையின் நிழல் பக்கத்தில் இருபது வகைப் பாசிகளாவது இருக்கும். சில பட்டுப்போல, சில மிகச் சிறிய பனங்கன்றுகள்போல. அவற்றின் நடுவே, கட்டைவிரல் அகலத்துக்கு, கல்லோடு ஒட்டி, ஈரல் துண்டுபோலத் தட்டையாக ஓர் ஈரல்பாசி. எழுபது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாதது.

“மூணு வருஷ அலைச்சல். இனி உங்க முழங்கால் உங்களை மன்னிச்சிரும், வாத்தியாரே.”

“முழங்கால் கெடக்கட்டும் மேடம். திங்கக்கிழமை கூட்டம்.”

கூட்டம், இந்த வழியாகப் போடவிருந்த சாலையைப் பற்றியது. ஓடையை ஒட்டி அளந்து கல் நட்டுவிட்டார்கள். இந்தச் செடி இங்கே இருப்பதை நிரூபித்தால் சாலை விலகிப் போகும். இல்லையென்றால் பாறைக்கு வெடி வைப்பார்கள்.

துரைசிங்கம் கத்தியை எடுத்தார்.

“படம் போதாதா?” என்றார் எஸ்தர்.

“போன கூட்டத்துல வேற ஒரு பாசியோட படத்தைக் காட்டினேன். உங்க வீட்டுக் கிணத்தடியில எடுத்ததான்னு கேட்டுச் சிரிச்சாங்க. செடியையே கொண்டுவரணுமாம்.”

“எவ்வளவு எடுப்பீங்க?”

“பாதி.”

“மீதி?”

“பிழைச்சுக்கும்.”

“உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?”

துரைசிங்கத்துக்கு முகம் சிவந்தது. “ஏன், நீங்க எடுத்ததே இல்லையா?”

எஸ்தர் ஈரக் கல்லில் உட்கார்ந்தார்.

“எடுத்திருக்கேன். இருபது வருஷம் இருக்கும். கிழக்குச் சரிவில ஒரு ஓடை. அங்க தடுப்பணை கட்டப் போனாங்க. இதே மாதிரி அபூர்வமான வேற ஒண்ணை நான் பார்த்தேன். பாதிதான் எடுத்தேன். கொண்டுபோய்க் காட்டினேன். நம்பினாங்க.”

“அணை?”

“கட்டலை. வேலி போட்டாங்க. அந்தச் செடியோட படம் போட்டு ஒரு பலகை நட்டாங்க. ஓடையில இன்னிக்கும் தண்ணி ஓடுது. அறுபது வகைப் பாசி அங்க பத்திரமா இருக்கு.”

“அந்தச் செடி?”

“காலேஜ் அலமாரியில, ஒரு காகிதப் பொட்டலத்துக்குள்ள.”

“இல்ல மேடம், பாறையில விட்டுட்டு வந்தது.”

“வெட்டின ஓரத்திலிருந்து காய ஆரம்பிச்சுது. மூணு மாசம் போய்ப் போய்ப் பார்த்தேன். நாலாவது மாசம் வெறும் கல்லு.”

சரிவின் மேலே எங்கோ ஓர் இயந்திரம் உறுமி நின்றது.

துரைசிங்கம் கத்தியை மடக்கினார். மறுபடியும் விரித்தார்.

“எடுக்கவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

எஸ்தர் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க வாத்தியாரே. மீதி பிழைச்சுக்கும்னு நெனச்சு நான் எடுத்தேன். நீங்க அப்படி நெனைக்காம எடுங்க.”