பந்தியில் ஓர் எலும்பு

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சிறிய சைவ மடம். அதன் தலைவி சங்கரவடிவு அம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய சீடர் பேச்சிமுத்துவுக்கு அறுபத்தொன்று. சீடரை அம்மை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

பேச்சிமுத்து முப்பத்தைந்து வருஷம் ஒரு மட்டன் மெஸ்ஸில் மாஸ்டராக இருந்தவர். ஒருநாள் கடை வாசலில் கட்டிக் கிடந்த ஆடு அவர் கையை நக்கியது. மறுநாள் அதன் கறிக்குத் தாளிக்கும்போது அவருக்குக் கை ஓடவில்லை. கரண்டியை வைத்துவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

மூன்று வருஷமாக மடத்துச் சமையல் அவர் பொறுப்பு. கூட்டும் அவியலும் செய்து செய்து அந்தக் கை சலித்துப் போயிருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

குருபூஜை வந்தது. இரண்டு நாள் விழா, இரண்டு நாளும் மதியம் பந்தி. முதல் நாளுக்குப் புதிதாக ஒரு குழம்பு வைக்கட்டுமா என்று அம்மையிடம் கேட்டார். மீல்மேக்கர் போட்டு வைப்பதாகச் சொன்னார். அதில் போடப்போகும் பொய் எலும்பைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து, எலும்புக்காக இளமூங்கிலைச் சின்னச் சின்ன வளையமாக அறுத்தார். அவற்றை வேகவைத்து, வழவழவென்று சீவி, உள்ளே மஜ்ஜை மாதிரி முந்திரி விழுதை அடைத்தார். மீல்மேக்கரைப் பிழிந்து நார்நாராகப் பிரித்து, அந்த மூங்கிலைச் சுற்றி மறுபடி சேர்த்தார். சோம்பும் கல்பாசியும் வறுத்து அரைத்தார். அந்த மடத்தில் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. மூக்கை வைத்தே உப்புச் சொல்கிறவர் அவர். மூடியைத் திறந்தபோது வந்த வாசனையில், எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

மடத்துப் பந்தியில் பேச்சு கிடையாது. பரிமாறுகிறவரும் பேசமாட்டார், சாப்பிடுகிறவரும் பேசமாட்டார். வேண்டாம் என்றால் இலைக்கு மேல் கையை மறிக்க வேண்டும்.

பேச்சிமுத்து தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போனார். தச்சுவேலை செய்யும் வேலாயுதம் எலும்பை எடுத்துப் பார்த்தார், உறிஞ்சினார், கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்துப் பேச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த இலையில் ஓதுவார் திருவம்பலம். எழுபது வயது, பிறந்ததிலிருந்து சைவம். நாற்பது வருஷமாகக் குருபூஜையின் இரண்டாம் நாள் அவர்தான் சந்நிதியில் தேவாரம் பாடுகிறார். அவர் பல்லில் மூங்கில் தட்டியது. விரலால் எடுத்துப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. பந்தியில் துப்பக் கூடாது, பாதியில் எழுந்திருக்கவும் கூடாது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, பந்தி முடிகிறவரை இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கை கழுவிய பிறகுதான் அழுதார்.

பேச்சிமுத்து பதறிப்போய் அடுப்படிக்கு ஓடினார். மிச்சமிருந்த மூங்கில் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டி, எப்படிச் செய்தார் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். ஓதுவார் ஒரு துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னதை நம்பவும் செய்தார்.

"எலும்பு பொய்யி. சரி," என்றார். "ஆனா நான் ஆட்டுக்கறின்னு நெனச்சேன்யா. நெனச்ச பெறகும் முழுங்குனேன். அது பொய்யில்லையே. நாளைக்கு இந்த வாயால எப்படிப் பாட?"

அவர் போன கொஞ்ச நேரத்தில் வேலாயுதம் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றார். வீட்டில் ஞாயிறு தவறாமல் மட்டன் எடுப்பதாகவும், இப்படி ஒரு குழம்பு கிடைத்தால் அதை விட்டுவிடலாம் என்றும் சொன்னார். தன் மனைவிக்குச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். பேச்சிமுத்து தூக்குவாளியை நிரப்பிக் கொடுத்துவிட்டு அம்மையிடம் போனார்.

"எவ்வளவு தூரம் கறி மாதிரி இருக்கலாம் அம்மை? வேலாயுதத்தக் கேட்டா இன்னும் கொஞ்சம்ங்காரு. ஓதுவாரையாவப் பாத்தா, அந்த மூங்கிலத் தொட்டிருக்கவே கூடாதுன்னு தோணுது."

"ஆட்டக் கேட்டீங்களா?"

"அது வேலாயுதம் பக்கந்தான் நிக்கும்."

அம்மை சிரித்தார். பிறகு கேட்டார்.

"இது இன்னதுன்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

"பந்தியில பேசக் கூடாதுல்லா அம்மை."

"பந்திக்கு முன்னால பேசலாமே."

பேச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லியிருந்தா ஒருத்தரும் ஏமாந்திருக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இனிமேல் மூங்கில் பக்கமே போகப் போவதில்லை என்றார். அம்மையோ நாளைக்கும் அதே குழம்பை, எலும்போடு, வைக்கச் சொன்னார். ஓதுவாரைத் தானே போய் அழைத்து வருவதாகவும் சொன்னார்.

மறுநாள் பந்தியில் அம்மை வாளியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். முதல் இலைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார்.

"மீல்மேக்கர், மூங்கில், முந்திரி. ஆட்டுக்கறி மாதிரி இருக்கும்."

மடத்துப் பந்தியில் ஒரு குரல் கேட்டது அன்றுதான் முதல் தடவை. ஏதோ புது மந்திரம் என்று நினைத்து ஒருவர் கும்பிட்டுக்கூட விட்டார். ஒவ்வொரு இலையிலும் அம்மை அதையே சொன்னார். சொல்லிவிட்டுக் கரண்டியைச் சாய்க்காமல் நின்றார். எதிரே இருப்பவர் தலையசைத்த பிறகுதான் ஊற்றினார். பந்தி ஆமையாக நகர்ந்தது. வேலாயுதம் இரண்டு விரலைக் காட்டி இரண்டு எலும்பு வாங்கிக்கொண்டார்.

ஓதுவாரின் இலைக்கு வந்ததும் அம்மை அதே வார்த்தைகளைச் சொல்லி நின்றார். ஓதுவார் வாளிக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு இலைக்கு மேல் கையை மறித்தார். ஒரு கை போதாது என்று இரண்டு கையையும் மறித்தார். அம்மை அடுத்த இலைக்குப் போனார். ஓதுவார் மோர் ஊற்றிச் சாப்பிட்டார், எழுந்து வாய் கொப்பளித்தார், யாரும் கூப்பிடாமலே சந்நிதிக்கு நடந்தார். முதல் அடியில் குரல் கம்மியது, பிறகு தெளிந்து மேலே போயிற்று. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக அவர் சாப்பிட உட்கார்ந்தார். அம்மை வாளியோடு அவர் இலைக்கு முன்னால் வந்தார்.

"மீல்மேக்கர், மூங்கில், முந்திரி. ஆட்டுக்கறி மாதிரி இருக்கும்."

பேச்சிமுத்துவுக்கு வாயில் நீர் ஊறியது. கூடவே அழுகையும் வந்தது. மடியில் இருந்த கை பாதி எழுந்து அப்படியே நின்றது.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலியே அம்மை. எவ்வளவு தூரம் கறி மாதிரி இருக்கலாம்?"

கரண்டி சாயவில்லை.

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. அதுக்குத்தான் நிக்கேன்."