அர்ஜென்ட் மெயில்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மேனேஜர் தெய்வசிகாமணி இருமினாலே ஆபீஸ் கப்சிப் ஆகிவிடும். ஒருநாள், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரமீஜாவைத் தன் ரூமில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கத்தினார்.

"ஜெர்மனிக்காரன் மூணு மெயில் போட்டானாம். ஒண்ணுகூட என் கண்ணுல படல, ஆர்டரே போகப்போகுது! அழிச்சவன் யாருன்னு பத்து நிமிஷத்துல சொல்லு, அவன் சீட்டைக் கிழிக்கிறேன். இல்லேன்னா உன் சீட்டு!"

ரமீஜா அவர் கம்ப்யூட்டரில் நாலு தட்டு தட்டினாள். "ஆள் கிடைச்சாச்சுங்க சார். சீட்டைக் கிழிக்கிறது உறுதிதானுங்களா?"

"எங்கப்பனா இருந்தாலும்!"

"அப்ப நாளையிலிருந்து இந்த ரூமுக்கு யாருங்க சார் வருவாங்க?"

திரையைத் திருப்பினாள். தீபாவளிக்கு ஆளாளுக்கு 'அர்ஜென்ட்' என்று லீவு கேட்டபோது, அந்த வார்த்தை உள்ள மெயிலெல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி அவரே போட்டுவைத்த செட்டிங். குப்பையில் ஜெர்மனிக்காரன் மெயில்களுக்கு மேலே ரமீஜாவின் மெயில்கள் நாலு கிடந்தன: 'அர்ஜென்ட் சார். உங்க செட்டிங் மெயிலைத் தின்னுது.'

தெய்வசிகாமணி குரலை இறக்கினார்.

"இதை நேர்ல வந்து சொல்லியிருக்கலாமேம்மா?"

"வந்தேனுங்க சார். எதுவானாலும் மெயில்ல போடுன்னு வாசல்லயே துரத்திட்டீங்க."