கற்கண்டும் குப்பையும்

பாறைக்குளத்துக்கு மேலே ஒரு குகை. அந்தக் குகையில் ஓநாய் ஒன்று தன் மனைவியோடு குடியிருந்தது. ஒருநாள் ஆண் ஓநாய் ஓர் ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தது. பூனை தன் குட்டியைக் கவ்வுமே, அப்படிப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்தது.

குட்டி, இன்றோடு தொலைந்தோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டது. பெண் ஓநாய் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரித்தது.

"அடடா, என்ன வெள்ளை! என்ன மினுமினுப்பு! இவனுக்கு ஒரு பேர் வைக்கணுமே!"

"புதுசா எதுக்கு யோசிக்கிற? நாம எப்பவும் வைக்கிற பேர்தான் இருக்கே!" என்றது ஆண் ஓநாய்.

"ஆமால்ல! கற்கண்டு! ஏ கற்கண்டு! கண்ணைத் திறடா என் தங்கம்!"

குட்டி ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு மெதுவாக இன்னொரு கண்ணையும் திறந்தது. பிறந்ததிலிருந்து அதை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டியில் எத்தனையோ குட்டிகள். இடையன் எல்லாவற்றையும் ஒரே 'ஹேய்'யில் விரட்டிவிடுவான். இங்கே வந்து இறங்கிய நிமிஷமே பேர்! அதுவும் நாக்கில் வைத்தால் கரைகிற பேர்! குட்டிக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகை இல்லை, சந்தோஷத்தில் வந்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது, என்ன செய்ய!

அந்தக் குகையில் ஏற்கெனவே ஒரு பிள்ளை உண்டு. பெண் ஓநாய் பெற்ற சொந்தக் குட்டி. பால் குடிக்கிற பருவம், பல் முளைக்கவில்லை. அதற்கு என்ன பேர் தெரியுமா? குப்பை! ஆமாம், குப்பை! யாரோ கேலிக்கு வைத்த பேர் என்று நினைக்காதீர்கள். பெற்ற தாயே வைத்தது.

"ஏ குப்பை! இங்க வாடா கழுதை! மூஞ்சியைப் பாரு, எவன் பார்ப்பான் உன்னை!" என்றுதான் தாய் அதைக் கூப்பிடும்.

கற்கண்டுக்கு இது ஒரே ஆச்சரியம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். பொன்குஞ்சுக்குப் போய் யாராவது குப்பை என்று பேர் வைப்பார்களா? கற்கண்டு புல்லை மென்றுகொண்டே யோசித்தது. யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தது.

'சரிதான்! இவர்களுக்கு அவனைப் பிடிக்கவில்லை. என்னைத்தான் பிடித்திருக்கிறது!'

அப்படி நினைத்ததற்குக் குட்டியைக் குறை சொல்ல முடியுமா? அதைக் கட்டிப்போடவில்லை. குளத்தங்கரையில் இளம்புல் எங்கே முளைத்தாலும் பெண் ஓநாய் கூட்டிப்போய்க் காட்டியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்கெல்லாம் தெரியும். இந்த ஓநாய் அழவில்லை. மழை பெய்தால் கற்கண்டைக் குகைக்கு உள்ளே, காய்ந்த இடமாகப் பார்த்துப் படுக்கவைத்தது. தினம் ஒரு தடவை அதன் முதுகைத் தடவும். விலாவை அமுக்கிப் பார்க்கும்.

"கொழுகொழுன்னு ஆயிட்டான் என் ராசா!" என்று புருஷனிடம் சொல்லிப் பூரித்துப்போகும்.

"இருக்கட்டும், இருக்கட்டும். நம்ம பயலுக்குப் பல் முளைக்கட்டும். அன்னைக்கு விசேஷம் வச்சுக்கலாம்," என்று ஆண் ஓநாய் சொல்லும்.

கற்கண்டின் காதில் 'விசேஷம்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. தனக்குத்தான் ஏதோ விசேஷம் செய்யப்போகிறார்கள் என்று வாலை ஆட்டியது. பெண் ஓநாயை 'அம்மா' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. தலைக்கனம் கூடிப்போனால் வாய் சும்மா இருக்குமா? ஓநாய்க்குட்டியைப் போய்ச் சீண்டியது.

"குப்பை! டேய் குப்பை! தள்ளிப் படு, நாத்தம் அடிக்குது!"

ஓநாய்க்குட்டி அழுதுகொண்டே தாயிடம் ஓடும். "எனக்கு மட்டும் ஏம்மா இந்தப் பேர்? அவன் பேரை எனக்கு வையேன்!"

தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குட்டியைக் காலுக்கு நடுவில் இழுத்து மறைத்துக்கொள்ளும். கற்கண்டு அதையும் பார்த்தது. 'பாவம், அசிங்கமான பிள்ளை. வெளியே தெரியாமல் மறைக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டது.

குகைக்கு எதிரே ஒரு புங்கமரம். அதில் ஒரு மைனா கூடு கட்டியிருந்தாள். அவளுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தாள்.

"டேய் ஆடு!"

"என் பேர் கற்கண்டு!" என்றது குட்டி விறைப்பாக.

"தெரியும்டா தெரியும். போன மழைக்கும் இங்க ஒரு கற்கண்டு இருந்தான். உன்னை மாதிரியே வெள்ளை. அதுக்கு முந்தி ஒரு கற்கண்டு. அவன் கொஞ்சம் செவலை. கேட்டியா, எல்லாரும் கற்கண்டு! வேற பேரே கிடையாது!"

இதைக் கேட்டாலாவது அறிவு வந்திருக்க வேண்டும். குட்டி என்ன செய்தது தெரியுமா? துள்ளிக் குதித்தது!

"அப்படியா! தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி! அப்போ இது இந்த வீட்டோட வம்சப் பேர்! வம்சப் பேரையே எனக்குக் குடுத்திருக்காங்க!"

மைனா தலையைக் கிளையில் முட்டிக்கொண்டாள்.

"அட கூறுகெட்டவனே! வம்சப் பேர்னா அவ வயித்துல பிறந்ததுக்கு வைக்கமாட்டாளா? நாலு காலு கறிக்கு எதுக்குடா வைக்கிறா? முதல் குட்டிக்கு வனராசான்னு வச்சா. பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. அடுத்ததுக்கு வீரபாகுன்னு வச்சா. காய்ச்சல்ல போச்சு. செத்த பிள்ளை பேரை மறுபடி இவ வாயால சொல்லிக் கேட்டிருக்கியா? சொன்னா நெஞ்சு வெடிச்சிரும் அவளுக்கு. அதான் இவன் பிறந்ததும் தூக்கிட்டுப் போய்க் குப்பைமேட்டுல உருட்டி, குப்பைன்னு பேர் வச்சா. எமன் எட்டிப் பார்த்தா, 'சீ, குப்பை!'ன்னு திரும்பிப் போகட்டும்னு! பயம்டா! இதுவும் போயிருமோங்கிற பயம்! உன்னைப் பத்தி அவளுக்கு என்ன பயம்? நீ போனா இன்னொரு கற்கண்டு!"

"பொய்! அப்போ எதுக்கு எனக்குப் பேர் வைக்கணும்?"

"கட்டிப் போட்டா மெலிஞ்சு போவே. பேர் வச்சா கூப்பிட்ட உடனே நீயே ஓடி வருவே. அவ புருஷன் சொன்னதை இந்தக் காதால கேட்டேன். நம்பலைன்னா, பழைய கற்கண்டெல்லாம் எங்கேன்னு அவகிட்டயே போய்க் கேளு!"

குட்டி நேரே போய்க் கேட்டது. பெண் ஓநாய் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"அவங்களா? எங்கேயும் போகலடா கண்ணு. எங்க உடம்போட உடம்பா கலந்துட்டாங்க," என்று சொல்லி நாக்கைச் சப்புக்கொட்டியது.

குட்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 'செத்தவர்கள் மேலும் எவ்வளவு பாசம்!' என்று உருகிப்போனது. மறுபடி மரத்தடிக்கு வந்து, "உனக்குப் பொறாமை. உனக்குத்தான் யாரும் பேர் வைக்கலையே!" என்று மைனாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டது. மைனா, வந்த ஆத்திரத்தில், எக்கேடும் கெட்டுப்போ என்று கூட்டுக்குள் புகுந்துகொண்டாள். ஆனாலும் கோபம் நிற்கவில்லை, அவளுக்கு அழுகையாக வந்தது.

கோடை வந்தது. மற்ற குளங்கள் வற்றிவிட்டதால் ஆட்டு மந்தை பாறைக்குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. அக்கரையில் இடையன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். மந்தையிலிருந்து ஒரு தாயாடு மட்டும் தண்ணீரில் வாய் வைக்காமல் கரையெல்லாம் மோந்துகொண்டு வந்தது. மெலிந்துபோன ஆடு. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. புதருக்குப் பக்கத்தில் கற்கண்டைக் கண்டதும் அப்படியே ஓடிவந்து முகத்தோடு முகம் வைத்துத் தேய்த்தது.

"வந்துட்டேன்டா! எத்தனை குளத்துல தேடினேன் தெரியுமா! வா, வா! ஓநாய் வர்றதுக்குள்ள போயிரலாம்!"

கற்கண்டு பின்வாங்கியது. தாயின் உடம்பில் உண்ணி, ரோமத்தில் சேறு. கற்கண்டோ குளித்துத் துடைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"நீ யாரு? என் பேர் என்னன்னு சொல்லு பார்ப்போம்."

தாயாடு இன்னும் கிட்டே வந்தது. "பேரா? நம்மள்ல யாருடா பேர் வைக்கிறா? உன் வாசம் எனக்குத் தெரியும். உன் சத்தம் தெரியும். ஆயிரம் குட்டி கத்தினாலும் என் குட்டி எதுன்னு எனக்குத் தெரியுமே, அது போதாதா?"

"போதாது! பெத்தவளுக்கு ஒரு பேர் வைக்கத் துப்பில்ல. இங்க வந்த அன்னைக்கே எனக்கு என்ன பேர் வச்சாங்க தெரியுமா? கற்கண்டு! இங்க எனக்கு விசேஷம் நடக்கப்போகுது. உன்னோட வந்தா பழையபடி 'ஹேய்'தான்!"

"ஐயோ, ஓநாய்டா அது! ஆட்டைத் தின்கிற ஓநாய்!" என்று தாயாடு கதறியது.

"ஆட்டைத் தின்னும். கற்கண்டைத் தின்னாது!" என்றது குட்டி.

அதற்கு மேல் பேச நேரம் இல்லை. இடையன் கம்பால் பாறையில் தட்டினான். மந்தை நகர்ந்தது. தாயாடு நாலு அடி போவதும், திரும்பிப் பார்த்துக் கத்துவதுமாகப் போனது. இடையனின் நாய் வந்து விரட்டியது. கடைசியில் தாயாடும் மலை மேட்டில் ஏறி மறைந்தது. கற்கண்டு தலையைத் திருப்பிக்கொண்டு புல் மேய்ந்தது.

மந்தை போன கொஞ்ச நேரத்தில் குகையிலிருந்து ஒரே கூச்சல்.

"முளைச்சிருச்சு! முளைச்சிருச்சு! என் பிள்ளைக்குப் பல் முளைச்சிருச்சு!"

அடுத்து அந்தப் பழகிய குரல் தேனாய் வழிந்து வந்தது. "கற்கண்டு! ஏ கற்கண்டு! ஓடி வாடா என் தங்கம்!"

விசேஷம்! கற்கண்டு துள்ளிக்கொண்டு ஓடியது. வாசலில் பெண் ஓநாய் நின்றது. ஆனால் அது கற்கண்டைப் பார்க்கவில்லை. தன் குட்டியின் வாயைத் திறந்து திறந்து அந்த அரிசிப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. இப்படி ஒரு பார்வையைக் கற்கண்டு இந்த வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. ஒருநாளும் தனக்கு அது கிடைத்ததும் இல்லை. அப்போதுதான் முதல் முறையாக அது ஓர் அடி பின்வாங்கியது.

"பாருடா குப்பை, இவன்தான் உன் முதல் கறி. உனக்காகவே வளர்த்தது," என்றது ஆண் ஓநாய். சொல்லிக்கொண்டே இறங்கும் பாதையை மறித்து நின்றுகொண்டது.

ஓநாய்க்குட்டி ஆசையாகக் கேட்டது. "அம்மா, இவனைத் தின்ன பிறகு இவன் பேர் சும்மாதானே கிடக்கும்? அதை எனக்கு வச்சிரும்மா!"

பளார் என்று ஓர் அறை விழுந்தது. அந்தத் தாய் தன் பிள்ளையை முதன்முதலாக அடித்தது அன்றுதான்.

"வாயைக் கழுவுடா! என் வயித்துல பிறந்தவனுக்கு அந்தப் பேரா! தீனிக்கு வைக்கிற பேர்டா அது! இன்னொரு தடவை அந்தப் பேரைக் கேட்டே, கொன்னுபோடுவேன்!" என்று கத்தியது. உடனே பதறிப்போய், "கொல்லமாட்டேன்டா, கொல்லமாட்டேன். தெரியாம வாய்ல வந்திருச்சு. எமன் காதுல விழாம இருக்கணுமே!" என்று அடித்த கன்னத்தை நக்கி நக்கித் துடைத்தது.

கற்கண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது. ஒரு சொல் வாய் தவறியதற்கு இப்படிப் பதறுகிறவள், தன்னை ஒரு வார்த்தைகூடத் திட்டாதது, தன்னை இழக்கிற பயம் அவளுக்கு இல்லாததால்தான் என்று அதற்கு இப்போது புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்?

"ஓடுடா! ஓடு!" என்று மரத்திலிருந்து மைனா அலறினாள். ஓட வழி ஏது? குட்டி மலையைப் பார்த்துத் திரும்பி, 'ம்மே!' என்று உயிர் போகக் கத்தியது. ஆயிரம் குரலுக்குள் அந்த ஒரு குரலைக் கண்டுபிடித்து ஓடி வரக்கூடியவள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். இரண்டாவது முறை கத்தக் கற்கண்டுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வாய் இனிக்கப் பேர் வைத்துக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் நம்மைப் பெற்றவர்கள் ஆகிவிடமாட்டார்கள். நம்மை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள்தான் நம்முடையவர்கள்.