மாமனார் பார்க்க வந்த வீடும் மூன்று இங்கிலாந்துக்காரர்களும்

இத்தாலியில் காஸ்டெல்பிங்கோ என்று ஒரு மலைக் கிராமம். அங்கே நார்டோ என்பவரின் வீட்டுக்கு, ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறோம் என்று இங்கிலாந்திலிருந்து மூன்று நண்பர்கள் வந்தார்கள். நான் சொல்லப்போவது அவர்கள் வந்து ஏழாவது மாதம் நடந்தது.

ஒருவர் விம்பிள், கவிஞர். இன்னொருவர் டாப்ஸன், நாவலாசிரியர். மூன்றாவது மிஸ் ஹெஸ்டர், ஓவியர். இத்தாலிய மொழியை மூவரும் லண்டனிலேயே அகராதி வைத்துக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர்கள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவார்கள். இரண்டு சொல் சேர்ந்து வந்தால்தான் தகராறு. இந்த அழகில், இத்தாலியர்களுக்கு விஷயம் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று டாப்ஸன் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

நார்டோவுக்கு மரியெட்டா என்ற பெண்ணின் மேல் உயிர். அவளுடைய அப்பா எர்கோலே, முந்நூறு ஆடுகளுக்குச் சொந்தக்காரர். வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் வரவேண்டிய நாளும் வந்தது. நார்டோ முடிவெட்டிக்கொள்ள டவுனுக்குப் புறப்பட்டார்.

"வீட்டைப் பாத்துக்குங்க. அடுப்புல கறிக்குழம்பு கொதிக்குது, அது மேல ஒரு கண்ணு இருக்கட்டும். நான் வர்றதுக்குள்ள மாமனார் வந்துட்டா ஆளைப் பாத்து நடந்துக்குங்க. என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்க. முக்கியமா, கை நனைக்காம அவரை அனுப்பிடாதீங்க."

மூவரும் எழுதிக்கொண்டார்கள். நார்டோ கழுதை மேல் ஏறிப் போனார்.

விம்பிளும் டாப்ஸனும் ஆளுக்கொரு நாற்காலியைத் தெருவுக்கு எடுத்துவந்து, வீட்டுக்கு எதிரே போட்டு, அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பன்றி ஒன்று வந்து, இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனது.

"பன்னி போகுதே," என்றார் விம்பிள்.

"நம்மளை வீட்டைத்தான் பாக்கச் சொன்னார். நீங்க ஏன் பன்னியைப் பாக்கறீங்க?"

விம்பிள் வெட்கப்பட்டுப் போய்ப் பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டார். உள்ளே ரொட்டிக் கூடை கவிழும் சத்தம் கேட்டது. காதைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை.

சமையலறையில் மிஸ் ஹெஸ்டர் இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு குழம்பின் மேல் வலது கண்ணை வைத்திருந்தார். குழம்பு பொங்கியது, வற்றியது, கருகியது. கடைசியில் சட்டியும் விரிசல் விட்டது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தார்.

தெருவில் அதற்குள் பெரிய விவாதம்.

"நாலு வார்த்தையா? என் நாவல்ல ஒருத்தர் தும்முறதுக்கே பதினாறு பக்கம் ஆகும்," என்றார் டாப்ஸன்.

"நாலுன்னா நாலுதான். நல்ல வார்த்தையா இருக்கணும், அவ்வளவுதானே? 'தேன்' நல்ல வார்த்தை. 'நிலா' அதைவிட நல்லது. 'ரோஜா'வை யாரும் குறை சொல்ல முடியாது."

"நாலாவது?"

"மரணம். கம்பீரமா இருக்கும்."

"பொண்ணு கேக்கற இடத்துலயா? 'வெண்ணெய்'னு வைங்க. சாப்பிடவாவது ஆகும்."

விம்பிள் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். அந்த நேரம் எர்கோலே வந்து சேர்ந்தார்.

ஆளைப் பார்த்து நடக்கவேண்டுமே! இரண்டு பேரும் அவர் முகத்தில் வைத்த கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனார்கள். வாசற்படியில் டாப்ஸன் மல்லாந்து விழுந்தார். விழுந்த நிலையிலும் எர்கோலேயின் முகத்தையே பார்த்தார். விம்பிள் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, எர்கோலேயின் இரண்டு கைகளையும் பிடித்து முழங்கை வரை முக்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"தேன். நிலா. ரோஜா. வெண்ணெய்."

அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. எர்கோலே மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் இரண்டு பேரும் மரியாதையாக மௌனம் சாதித்தார்கள். கண்ணில் கட்டோடு மிஸ் ஹெஸ்டர் கருகிய சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அதற்குப் பின்னாலேயே பன்றி, வாயில் கடைசி ரொட்டியோடு வெளியேறியது.

நார்டோ பளபளவென்று முடிவெட்டிக்கொண்டு திரும்பியபோது, மாமனார் ஈரக் கையோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று பேர் இமைக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியெட்டா கைநழுவிப் போனாள் என்றே நார்டோ முடிவுகட்டினார்.

எர்கோலே எழுந்தார். "மாப்பிள்ளே, எனக்கு வயித்துப் புண்ணு. போற வீட்டுல எல்லாம் தின்னு தின்னுன்னு உயிரை எடுப்பாங்க. இங்கதான் ஒருத்தரும் தொந்தரவு பண்ணல. உங்க வேலைக்காரங்க முதுகைக் காட்டாம நடக்கறாங்க, கையைக் கழுவி விடறாங்க, எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. பிஷப் வீட்டுலகூட நான் இப்படிப் பாத்ததில்ல. பொண்ணைத் தர்றேன். ஆனா ஒண்ணு, இவங்க மூணு பேரையும் எங்கிட்ட அனுப்பிடணும்."

நார்டோவின் கண்களில் பொலபொலவென்று நீர் வந்தது. ஏழு மாதப் பழக்கம் அல்லவா? அழுதுகொண்டே மூவருடைய பெட்டிகளையும் அவரே, ஒரே நடையில், வண்டியில் ஏற்றினார்.

ஒரு மாதம் கழித்து டாப்ஸன் லண்டன் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். "இங்கே இலக்கியத்துக்கு நல்ல மதிப்பு. விடிந்ததும் முந்நூறு பேர் எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். நாங்கள் தொட்டால்தான் பால் கொடுக்கிறார்கள். இன்னும் ஒரு ஓவியர் தேவைப்படுகிறார். ஆள் உயரமாக இருக்கவேண்டும். அத்திப்பழம் பறிக்க எங்கள் யாருக்கும் எட்டவில்லை."

லண்டனில் கூட்டம் போட்டு ஆலோசித்தார்கள். ஆறடி ஓவியர் ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால் மூன்றடியில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து அனுப்பிவைத்தார்கள்.

இரண்டு பேரும் இப்போது அத்திமரத்தடியில், தோளோடு தோள் உரசப் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.