ராணியைத் திருப்பிக் கேட்ட ராஜா

முன்னொரு காலத்தில் தென்கரை நாட்டைக் கோதண்டராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தது உடனே நடக்க வேண்டும் அவனுக்கு. மழை வராவிட்டால்கூட மந்திரிகளைத்தான் திட்டுவான்.

அந்த நாட்டில் பூவலிங்கம் என்று ஒரு வித்தைக்காரன் இருந்தான். தெருவில் துண்டு விரிக்காமல், மேடை போட்டுத் திரை கட்டி, வித்தையையே தொழிலாக்கிப் பிழைத்த முதல் ஆள் அங்கே அவன்தான். மனைவி ஆவுடைச்சியைக் கூடைக்குள் உட்காரவைத்து மூடுவான். நாலு பக்கமும் வாளைச் சொருகுவான். திறந்தால் கூடை காலி. கைதட்டினால் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவள் சிரித்துக்கொண்டே வருவாள். அரண்மனையில் அதைப் பார்த்த ராஜா தன் முத்துமாலையையே கழற்றிப் போட்டான். அன்றிலிருந்து பிரதானி சேதிராயனுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

ஐப்பசியில் விஷக்காய்ச்சல் பரவியது. ஆவுடைச்சி மூன்றே நாளில் போய்விட்டாள். மார்கழியில் அதே காய்ச்சலில் ராணியும் கண்ணை மூடினாள். ராஜா சடலத்தை எடுக்க விடவில்லை.

"வரவழைக்க ஆள் இருக்கிறான் மகாராஜா! பெண்டாட்டியை வாளால் குத்திவிட்டு உயிரோடு கொண்டுவந்தானே!" என்று ஓதினான் சேதிராயன்.

பூவலிங்கத்தை இழுத்துவந்தார்கள்.

"பொழுது சாய்வதற்குள் ராணி எழுந்து வர வேண்டும். இல்லாவிட்டால் உன் தலை இருக்காது" என்றான் ராஜா.

தலை போவது பூவலிங்கத்துக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆவுடைச்சி போனபிறகு அடுப்புகூடப் பற்றவைக்காதவன் அவன். ஆனால் ராஜாவின் கண்ணில் நம்பிக்கை இருந்தது. அதுதான் அவனைக் கலக்கியது. 'நான் செத்தால் இவர் இன்னொரு வித்தைக்காரனைத் தேடுவார். அந்த அம்மாள் இப்படியே கிடப்பாள்.'

"ஆகட்டும் மகாராஜா. ஆனால் ஒருவர் கூடைக்குள் உட்கார்ந்து, வாள்குத்து வாங்கிக்கொண்டு, ராணி இருக்குமிடம் போய்க் கூட்டிவர வேண்டும். என் வித்தையைப் பிரதானிதான் முழுக்க நம்புகிறார். அவரே போகட்டும்."

"ஏறு கூடைக்குள்" என்றான் ராஜா சேதிராயனிடம்.

வாள்முனை பிரம்பில் உரசியதுதான் தாமதம், கூடைக்குள் அலறல். "ஐயோ, குத்தாதே! எல்லாம் கண்கட்டு மகாராஜா! கூடைக்குள் அவள் எங்கே செத்தாள்? மேடைப் பலகைக்கடியில் நுழைந்து போனாள். செத்தவர்கள் திரும்பி வருவார்களா?"

"தெரிந்தேதான் எனக்கு ஆசை காட்டினாயா?"

சேதிராயன் கூடையை விட்டு ஊர்ந்து வெளியே வந்தான். ராஜா அவனுடைய முத்திரை மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டு சபையை விட்டே துரத்தினான். அப்போதும் அவனுக்கு ஆசை விடவில்லை.

"பூவலிங்கம், உன் பெண்டாட்டியைக் கூப்பிடு. அவள் வாயாலும் கேட்கிறேன்."

"அவள் ஐப்பசியிலேயே போய்விட்டாள் மகாராஜா. செத்தவர்களைக் கூப்பிடத் தெரிந்திருந்தால் முதலில் அவளையல்லவா கூப்பிட்டிருப்பேன்?"

ராஜா சிம்மாசனப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ராணியை எடுக்கச் சொல்லுங்கள்" என்றான். பிறகு பூவலிங்கத்தைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான்.

"கூடவே மயானம்வரை வருகிறேன். அது போதும்."

ஆவுடைச்சியை எடுத்த நேரத்தில் பூவலிங்கம் வித்தை காட்ட ஒப்புக்கொண்ட வெளியூரில் தனியே மேடையில் நின்றிருந்தான். சேதி வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது ராணியின் பாடைக்குப் பின்னால், கடைசி ஆளாக, வாய்விட்டு அழுதுகொண்டு நடந்தான்.

"ராணியம்மாமேல் இந்த வித்தைக்காரனுக்கு எவ்வளவு விசுவாசம் பாரேன்!" என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.