கருப்புத் திரையில் ஒரு க்ளிக்

எங்கள் ஆபீஸில் வைத்தீஸ்வரன் சாரைக் கேட்காமல் ஒரு ஃபைலைக்கூட மூட முடியாது. கருப்புத் திரையில் ஓடும் எடிட்டர் புரோகிராம் இருபது வருஷம் முன்பு அவர் எழுதியது. அதன் எழுபது கீபோர்டு ஷார்ட்கட்டும் அவருக்கு மட்டுமே மனப்பாடம். பிரசாதத்துக்கு நிற்பதுபோல் அவர் மேஜை முன்னால் நிற்போம்.

புதிதாகச் சேர்ந்த பிலோமினா, “மவுஸ் சேர்க்கலாமே சார்?” என்றாள்.

“எழுத்தைத் தவிர எதையும் இது வாங்காதும்மா. நாளைக்குள்ள மவுஸை ஓட்டிக் காட்டு. இல்லேன்னா வேற வேலை தேடிக்கோ!”

மறுநாள் எல்லோர் முன்னாலும் அவள் க்ளிக் செய்த இடத்துக்குக் கர்சர் தாவியது. மேலே ‘மூடு’ என்றொரு பட்டன் வேறு.

“எப்படி?” என்றார் சார்.

“புரோகிராம்ல ஒரு வரி எழுதிக் கேட்டா, இந்தத் திரையே க்ளிக்கை எழுத்தா மாத்திக் குடுக்கும் சார். இருபது வருஷமா நீங்கதான் கேட்கவே இல்லை.”

எடிட்டருக்கு மவுஸ் வந்த அன்றே சாருக்கு மவுசு போய்விட்டது.