மக்கு என்று சொன்ன மண்புழு

அந்தக் காலத்தில் செடி பேசும், புழு பேசும், சாணிகூடப் பேசும். நடுவில் ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்காமல் மனிதர்கள்தான் திண்டாடினார்கள்.

அப்படியொரு நாளில், மரம் அறுக்கும் வைரவன் ஒரு தேக்கு மரத்தை அறுத்து முடித்தார். காலடியில் மரத்தூள் குவிந்து கிடந்தது. வீணாகப் போகிறதே என்று கூடையில் அள்ளி, வீட்டுக்குப் பின்னால் மனைவி உலகம்மாள் போட்டிருந்த கத்தரிப் பாத்தியில் தூவினார். மண் காயாமல் இருக்கும் என்று அவருக்கு நினைப்பு.

மரத்தூளுக்கோ தலைகால் புரியவில்லை. பொடியாகிப் போனாலும் தேக்கு தேக்குதானே? "தள்ளிக்கோ, தள்ளிக்கோ. நான் யார் தெரியுமா? தேக்கு வம்சம்!" என்று கத்தரிச் செடிகளிடம் பீற்றிக்கொண்டது.

கீழே ஒரு மண்புழு போய்க்கொண்டிருந்தது. மண்ணுக்கு வந்தது எதுவானாலும் முதலில் மக்க வேண்டும், அப்போதுதான் செடிக்கு உதவும். இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லத்தான் மண்புழு நினைத்தது. ஆனால் வாய் நிறைய மண். அதனால் சுருக்கமாக, "மக்கு!" என்றது.

மரத்தூளுக்குச் சுருக்கென்றது. "யாரைப் பார்த்து மக்குங்கிறே? நானா மக்கு?"

"ம்... மக்கு, மக்கு," என்று மண்புழு தலையை ஆட்டியது. தலையா வாலா என்று நமக்குத் தெரியாது, ஏதோ ஒரு பக்கத்தை ஆட்டியது. சீக்கிரம் மக்கிவிடு என்றுதான் அதற்கு அர்த்தம்.

மரத்தூள் கொதித்துப் போனது. "கெட்டிக்காரன் யாருன்னு காட்டுறேன்," என்று, மண்ணில் இருந்த சத்தையெல்லாம் செடிகளுக்கு முன்பே முந்திக்கொண்டு தின்ன ஆரம்பித்தது.

பத்தே நாளில் கத்தரி இலைகள் மஞ்சளாகிவிட்டன. உலகம்மாள் பார்த்துவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, பாத்தியில என்னத்தைப் போட்டீங்க? செடியெல்லாம் காமாலை வந்த மாதிரி நிக்குது!"

"மரத்தூள்தான். நல்லதுன்னு நினைச்சேன்," என்றார் வைரவன்.

"நினைச்சீங்க! நாளைக் காலையில எல்லாத்தையும் பிடுங்கிட்டு வெண்டை போடப் போறேன்."

இதைக் கேட்டதும் ஓரத்தில் நின்ற சின்னக் கத்தரி அழுதேவிட்டது. "அண்ணே, நேத்துத்தான் முதல் பூ விட்டேன். ஒரு காய்கூடக் காய்க்காமலே போறேனே. பசிக்குது அண்ணே."

மரத்தூளுக்கு மனசு வலித்தது. "அந்தப் புழு என்னை மக்குன்னு சொல்லிட்டான். அந்தக் கோபத்துல தின்னுட்டேன்," என்று முனகியது.

பக்கத்துக் குப்பைக்குழியில் கிடந்த சாணி விழுந்து விழுந்து சிரித்தது. "அட கிறுக்கா! அவன் உன்னைத் திட்டலை. மக்கிப் போன்னு வழி சொன்னான். நான் மாட்டு வயித்துக்குள்ளேயே பாதி மக்கிட்டு வந்தவ. என்னை அள்ளிட்டுப் போக ஊரே போட்டி போடுது. தேக்கு தேக்குன்னு சொல்லி நீ என்னத்தைக் கண்டே?"

மரத்தூள் கணக்குப் போட்டுப் பார்த்தது. மக்கினால் நிறம் போய்விடும், வாசனை போய்விடும், தேக்கு என்ற பெயரும் போய்விடும். ஆனால் சின்னக் கத்தரி இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது.

"உலகம்மாக்கா, செடியைப் பிடுங்காதீங்க," என்றது கடைசியில். "என்னை அள்ளிச் சாணியோட போடுங்க."

உலகம்மாள் மரத்தூளை ஒன்றுவிடாமல் வழித்துக் குழியில் கொட்டினாள். செடிகளுக்குச் சாணியைக் கரைத்து ஊற்றினாள். கொஞ்ச நாளில் இலைகள் பச்சைக்குத் திரும்பின. சின்னக் கத்தரி முதல் காய் காய்த்துவிட்டு, அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு நின்றது.

குழிக்குள் போன மரத்தூள் ஆறு மாதம் கழித்துக் கறுத்துப் பொலபொலவென்று வெளியே வந்தது. தேக்கா முருங்கையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த முறை அதைப் பாத்தியில் போட்டுக் காய்த்த கத்தரிக்காயைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தும் உலகம்மாளுக்குத் தீரவில்லை.

அன்று முதல்தான் மரத்தூளை அப்படியே செடிக்குப் போடாமல், சாணியோடு குழியில் போட்டு மக்கவைத்த பிறகே போடுகிறார்கள். தான் சொன்ன ஒரே வார்த்தையால் ஒரு பாத்தியே சாக இருந்ததைப் பார்த்து நடுங்கிப்போன மண்புழுவோ, அன்று முதல் மண் தின்ன மட்டும்தான் வாயைத் திறக்கிறது.